கடிகாரக்கா வயரைக் கழற்றிய மதியம்

அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் அவளைக் கடிகாரக்கா என்றுதான் சொல்வார்கள். கையில் கடிகாரம் கட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. நேரம் பார்ப்பதிலும் அவள் கெட்டிக்காரி கிடையாது; பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் அடுப்படிக்கு ஓடுவாள். ஆனால் தாளம் என்று வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. ஒரு பாட்டை ஓடவிட்டு, பாதியில் சத்தத்தை அடக்கிவிட்டு, அவளை மட்டும் கைதட்டிக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தத்தைத் திருப்பி வைத்தால், பாட்டின் அடியும் அவள் கைத்தட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்காரும். குடியிருப்புப் பெண்கள் இதைப் பல தடவை சோதித்துப் பார்த்துத் தோற்றுப்போய்த்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்தத் தாளம் அவளுக்கு பிஸ்கட் ஆலையில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அங்கே பொட்டலம் கட்டும் பெல்ட்டில் நிற்கிறாள். இப்போது காலை ஷிப்டுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கைச்சாடையில்தான் பேசுவார்கள். முஷ்டியை மடக்கினால் நிறுத்து. விரித்தால் ஓட்டு. இரண்டு விரலைக் கீழே காட்டினால் மெதுவாக. உள்ளங்கையைச் சுழற்றினால் திரும்பு. காதில் சுண்டு விரலை வைத்து ஆட்டினால் "மேனேஜர் வருகிறார், சிரிப்பை நிறுத்து" என்று அர்த்தம்.

நின்று நின்று இடுப்பு போய்விட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அவளுக்கு அலுப்பாக இருந்தது. பாட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஆடிப் பார்த்தாள். இடுப்பு வலி விட்டது. அதைப் பார்த்துத் தையற்காரி வந்தாள், பிறகு பல் டாக்டரம்மா வந்தாள், பிறகு ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் ஒல்லிப் பெண் வந்தாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரையாவது இடித்துத் தள்ளுவாள் என்பதால் அவளுக்குப் புல்டோசர் என்று பெயர். வீட்டில் இடம் போதவில்லை. தரைத்தளத்துப் பொதுக்கூடத்தை மதிய நேரத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். சாயங்காலம் அங்கே பிள்ளைகளுக்கு டியூஷன். பெண்களுக்கும் சாயங்காலம் வீட்டில் தலைக்கு மேல் வேலை. மதியம் ஒன்றுதான் கிடைத்தது. ஆலையில் கடிகாரக்கா செய்ததெல்லாம் யாரோ ஆரம்பித்து வைத்த வேலை. இந்த வகுப்பு மட்டும்தான் அவளே ஆரம்பித்தது. அதனால் மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அவள் கூடத்துச் சாவியோடு வந்து நிற்பாள்.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. பாட்டு சுத்தமாகக் கேட்க வேண்டும். இரண்டு காதையும் முழுசாக மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று வைத்திருந்தாள். அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், செங்கல் கனத்தில். வீட்டில் அதற்குப் பெயரே செங்கல்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேக்காது. பாட்டுல எங்கயோ ஒரு மூலையில ஒருத்தன் மூச்சு விட்டா கேக்கும்."

வயர் இல்லாத ஹெட்போன் என்றாலே அவளுக்கு இளக்காரம். "காத்துல வர்ற பாட்டு தண்ணி ஊத்தின பால். பார்க்க வெள்ளையா இருக்கும், குடிச்சா தெரியும்" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கூடத்துக்கு நேர் மேலே உள்ள வீட்டுக்கு நர்ஸ் குடிவந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. பகலில்தான் தூக்கம். குடிவந்த சில நாளில், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, கன்னத்தில் தலையணை மடிப்போடு கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா நான் இப்பத் தூங்கலன்னா அங்க போய் மருந்த மாத்திக் கொடுத்துடுவேன். பயமா இருக்கு."

சண்டைக்கு வந்திருந்தால் கடிகாரக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியும். இது சண்டை இல்லை. சத்தத்தைக் குறைத்தாள். குறைத்தால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. பின்வரிசைக்குக் கேட்டால் மாடிக்கும் கேட்டது. நர்ஸ் இரண்டாவது தடவை கீழே வரவில்லை. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம் போய்விட்டாள்.

செயலாளர் விதி என்றால் விதி என்று நிற்கிற மனிதர். "நீங்க ஆடுங்க, பாடுங்க, எனக்கென்ன வந்துச்சு? மேல இருக்கிறவங்க தூக்கம் கெடக் கூடாது. இன்னொரு புகார் வந்தா கூடத்துக்குப் பூட்டு. அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டு ஆடினால் என்ன என்று பல் டாக்டரம்மா யோசனை சொன்னாள். ஆளுக்கொரு வயர் இல்லாத இயர்போன் வீட்டில் இருந்தது. ஆளுக்கொரு போன் இருந்தது. எல்லாருக்கும் ஒரே பாட்டை அனுப்பி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்குங்க" என்றாள் கடிகாரக்கா.

அமுக்கினார்கள். தையற்காரி பல்லவிக்குப் போய்விட்டாள். புல்டோசர் இன்னும் முன்னிசையில் நின்றாள். ஒருத்திக்கு நடுவில் விளம்பரம் வந்தது. பல் டாக்டரம்மாவுக்கு போன் வந்துவிட்டது, அவள் ஆட்டத்தை நிறுத்தாமலே, "வீக்கம் இருக்கா? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் திரும்பினாள். அதே நேரத்தில் புல்டோசர் இடது பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் மோதி, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் விழுந்து, நாற்காலிகள் சரிந்தன. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. பாட்டே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

வாசலில் நர்ஸ் நின்றாள். திரும்பிப் படியேறினாள். அந்த முதுகைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சிரிப்புச் சத்தம் காதில் விழுந்து, அன்றைக்கே செயலாளர் பூட்டோடு வந்தார். பூட்டைத் தடுத்தது நர்ஸ்தான். "முயற்சி பண்றாங்க சார். இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று மாடியிலிருந்தே சொன்னாள். செயலாளர் யோசித்து ஒரு தேதி குறித்தார். அன்றைக்கு அவரே கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார். நர்ஸ் வழக்கம்போல் தன் வீட்டில் தூங்குவாள். அவள் விழித்தால் வகுப்பு அத்தோடு முடிந்தது. விழிக்காவிட்டால் மதியம் கடிகாரக்காவுக்கே.

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பார்கள். கடிகாரக்காவுக்கும் அவள் நாத்தனாருக்கும் சண்டை இல்லாத வாரம் கிடையாதுதான், ஆனால் எல்லாமே சத்தத்தைப் பற்றிய சண்டை. நாத்தனார் போனும் ஒலிச் சாமானும் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். சேதி கேள்விப்பட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்தாள். பைக்குள் சட்டையில் மாட்டும் கொக்கியோடு சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகள்.

"இது என்னடி, தீப்பெட்டியாட்டம்?"

"ஆம்ப்ளிஃபையர் அண்ணி. உங்க செங்கலோட பேத்தி. காத்துல வர்ற பாட்டைப் புடிச்சு, பலமாக்கி, வயர் ஹெட்போனுக்குக் கொடுக்கும். அவங்கவங்க வீட்டு டிராயர்ல கிடக்கிற பழைய ஹெட்போனே போதும். இந்தா, இந்த ஒண்ணு மட்டும் அனுப்புற பெட்டி. உங்க போன்ல செருகிட்டா மத்த எல்லாம் ஒண்ணா வாங்கிக்கும்."

"ஒண்ணான்னா?"

"ஒண்ணான்னா ஒண்ணாதான். போன தடவை மாதிரி ஆளுக்கொரு பல்லவி வராது."

கடிகாரக்கா தன் பெரிய ஹெட்போனைத் தீப்பெட்டியில் செருகிக் கேட்டாள். முகம் கோணிவிட்டது.

"காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு. டிரம் அடிக்கிறானா, தகர டப்பாவத் தட்டுறானா?"

"வாயத் திறந்தா குறைதானா? காத்துல போறதுக்கு வசதியா பாட்டை மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கி அனுப்புது அண்ணி. துணி மாதிரிதான். ரொம்ப மடிச்சா கசங்கும். கசங்காம அனுப்பச் சொல்லி மாத்தலாம். ஆனா பொறுமையா மடிச்சு, பொறுமையா பிரிக்கும். கொஞ்சம் லேட்டா வந்து சேரும்."

"எவ்வளவு லேட்டு?"

"கண்ணு சிமிட்டுற நேரம்."

"எல்லாருக்கும் அதே லேட்டா?"

"எல்லாருக்கும்."

"அப்ப என்னடி? ஆளுக்கொரு பக்கம் போனாதான் வம்பு. ஊரே சேர்ந்து லேட்டா போனா அது லேட்டே இல்ல."

நாத்தனார் மாற்றி வைத்தாள். கடிகாரக்கா மறுபடி கேட்டாள். இந்தத் தடவை டிரம்மின் தோல் அதிர்வது தனியாகத் தெரிந்தது. பாடுகிறவள் வரிக்கு நடுவில் மூச்சை இழுப்பதுகூடத் தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அண்ணி வாய் திறக்காவிட்டால் பிடித்திருக்கிறது என்று நாத்தனாருக்குத் தெரியும்.

"பரவாயில்ல. தண்ணி ஊத்தின பால் இல்ல" என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். "கறந்த பாலும் இல்ல."

இரண்டு பேரும் ஆளுக்கொரு தீப்பெட்டி மாட்டிக்கொண்டு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஆடிப் பார்த்தார்கள். ஓர் அடிகூடத் தப்பவில்லை. உள்ளே வந்த வீட்டுக்காரர், சத்தமே இல்லாமல் இரண்டு பெண்கள் குதிப்பதைப் பார்த்துவிட்டு, சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சோதனை நாளன்று நாத்தனாருக்குக் கடையில் விடுப்பு இல்லை. பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கடிகாரக்கா ரப்பர் விரிப்புகளைத் தரையில் போட்டு, நாற்காலிகளை வெளியே அடுக்கி, சாவிக்கொத்து, வளையல் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வாங்கி வைத்தாள். எல்லாரும் பழைய இயர்போனைச் செருகித் தீப்பெட்டியை மாட்டிக்கொண்டார்கள். அவள் மட்டும் மாட்டவில்லை. அனுப்பும் பெட்டியின் பக்கவாட்டில் வயருக்கு ஒரு துளை இருந்தது. அதில் செங்கலைச் செருகி, செங்கலைப் பைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தக் கனம்?" என்று தையற்காரி கேட்டாள்.

"சொல்லித் தர்றவ காதுக்குச் சுத்தமா வரணும். நீங்க என்னைப் பாருங்க, போதும்."

செயலாளர் கதவோரம் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே நர்ஸ் வீட்டுத் திரை மூடியிருந்தது. கடிகாரக்கா கையை உயர்த்தி, முஷ்டியை விரித்தாள். ஓட்டு.

முதல் சில அடிகள் ஓடின. பிறகு பிசகியது. பல் டாக்டரம்மா கடிகாரக்காவின் காலைப் பார்த்து ஆடுகிறவள். அவள் முன்னால் போனாள். தையற்காரி காதை நம்பி ஆடுகிறவள். அவள் பின்னால் வந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் கண்ணை நம்பி, கொஞ்சம் காதை நம்பி, இரண்டுக்கும் நடுவில் தடுமாறினார்கள். கடிகாரக்கா "திரும்பு" என்று சாடை காட்டினாள். பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், மீதிப் பேர் அப்போதுதான் திரும்ப ஆரம்பித்தார்கள். புல்டோசரின் முழங்கை தையற்காரியின் தோளில் இடித்தது. "அ..." என்று வந்த சத்தத்தைத் தையற்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்தி அடக்கினாள். பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு மூக்கு வழியாகச் சீறியது.

செயலாளர் கூரையைப் பார்த்தார்.

கடிகாரக்காவுக்குக் கோபம் பொங்கியது. இத்தனை மாதம் சொல்லிக் கொடுத்தும் இன்றைக்குப் பார்த்தா இப்படி இழுப்பார்கள்? வேகமாக என்று சாடை காட்டினாள். இன்னும் மோசமானது. புல்டோசர் பயத்தில் சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். இனி ஒரு மோதல் வந்தால் யாராலும் வாயைப் பொத்த முடியாது. கடிகாரக்கா முஷ்டியை மடக்கினாள். எல்லாரும் நின்றார்கள். பாட்டு மட்டும் காதுகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நேராகத் தையற்காரியிடம் போனாள். தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தாளம் பழகிய கால் அது; வகுப்பிலேயே கடிகாரக்காவுக்கு அடுத்தபடி சுத்தமான கால். அதுவே பின்தங்குகிறது என்றால் பெட்டியில்தான் கோளாறு. தன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, தையற்காரியின் இயர்போன் ஒன்றை வாங்கி அந்தக் காதில் வைத்தாள்.

ஒரு காதில் செங்கல், ஒரு காதில் தீப்பெட்டி. ஒரே டிரம் இரண்டு தடவை அடித்தது. டம், டம். டம், டம். செங்கலில் முதலில், தீப்பெட்டியில் அடுத்து. நடுவில் கண் சிமிட்டும் நேரம்.

பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மாவின் இயர்போனையும் வாங்கி வைத்துப் பார்த்தாள். அதே இடைவெளி. புல்டோசருடையது. அதே இடைவெளி.

அவளுக்குக் காது சூடானது. பெல்ட்டில் இப்படி ஒருத்தி நிற்பாள். எல்லார் கையும் பெல்ட்டோடு போகும்போது அவள் கை மட்டும் முந்தும். பொட்டலம் கீழே விழும். விழுந்த பிறகும், "நான் சரியாத்தான் பண்றேன், பெல்ட்டுதான் மெதுவா போகுது" என்று சாதிப்பாள். கடிகாரக்கா அப்படி எத்தனையோ பேரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அந்த முந்திரிக்கொட்டை அவளேதான். ஊரே சேர்ந்து ஒரு நேரத்தில் இருந்தது. அவள் ஒருத்திதான் சுத்தமான பாட்டைக் கேட்டுக்கொண்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

பையில் நாத்தனார் வைத்துவிட்டுப் போன பெட்டிகளில் ஒன்று மிச்சம் இருந்தது. செங்கலை இடுப்பிலிருந்து அவிழ்த்து விரிப்பின் மேல் மெல்ல வைத்தாள். தன் ஹெட்போன் வயரை அதிலிருந்து பிடுங்கித் தீப்பெட்டியில் செருகினாள். பாட்டை முதலிலிருந்து வைத்துவிட்டு, எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டி, காதைத் தொட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது ஆலைச் சாடை இல்லை. ஆனாலும் தப்பு தன் பேரில்தான் என்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

முஷ்டி விரிந்தது.

இந்தத் தடவை கண்ணும் காதும் ஒன்றையே சொல்லின. அவள் கால் விழுந்த இடத்தில் டிரம் விழுந்தது, அதே இடத்தில் அத்தனை கால்களும் விழுந்தன. உள்ளங்கையைச் சுழற்றினாள்; கூடமே ஒரே ஆளாகத் திரும்பியது. இரண்டு விரலைக் கீழே காட்டினாள். எல்லாத் தோள்களும் மெல்லத் தணிந்தன. சுவரோரம் ஒட்டியிருந்த புல்டோசர் நடுவுக்கு வந்தாள். வலது பக்கம் போனாள், இடது பக்கம் வந்தாள், யார் மேலும் படவில்லை. அவளுக்கே நம்ப முடியாமல் கண் விரிந்தது. கூடத்தில் கேட்டதெல்லாம் மின்விசிறியின் சுழற்சியும், ரப்பர் மேல் வெறும் பாதங்கள் படும் மெத்தென்ற ஒலியும், மூச்சும்தான்.

பாட்டு கறந்த பால் இல்லை. மேல் சுருதியில் ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அவள் காது முதலில் முணுமுணுத்தது. இரண்டாவது பாட்டில் அதுவும் வாயை மூடிக்கொண்டது. இத்தனை பேரின் அடியும் அவள் அடியும் சேர்ந்து விழுகிற ஆனந்தத்தைச் செங்கல் அவளுக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை.

செயலாளர் கட்டியிருந்த கையை எப்போது அவிழ்த்தார் என்று தெரியவில்லை. ஒரு பாட்டும் கேட்காமலே அவருடைய வலது கால் கட்டைவிரல், செருப்புக்குள், சரியான இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. வியர்த்த முகங்களோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் எழுந்தார்.

"இருங்க. அந்தம்மா முழிச்சாங்களா இல்லையான்னு கேட்டாத்தானே தெரியும்?"

படியேறினார். அவருக்குப் பின்னால் வகுப்பு முழுக்கப் பூனை நடையில் ஏறியது. நர்ஸ் வீட்டுக் கதவை அவர் விரலால் தட்டினார். பதில் இல்லை. உள்ளங்கையால் தட்டினார். பதில் இல்லை. "சார், வேணாம் சார்" என்று கடிகாரக்கா கிசுகிசுத்தாள். விதி என்றால் விதி. அவர் சாவிக்கொத்தை எடுத்துக் கதவில் படபடவென்று அடித்தார்.

கதவு திறந்தது. தலை கலைந்து, கண் பாதி மூடி, நர்ஸ் நின்றாள்.

"சார், நல்ல தூக்கம் சார். இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து இப்படித் தூங்கினதே இல்ல. எதுக்கு சார் கதவை இடிக்கிறீங்க?"

"இல்லம்மா... கீழ சத்தம் வந்துச்சான்னு..."

"கீழயா? ஆரம்பிச்சுட்டாங்களா?"

"முடிஞ்சே போச்சு" என்றாள் புல்டோசர்.

நர்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு, படியில் வரிசையாக நின்ற வியர்த்த முகங்களைப் பார்த்தாள். பிறகு செயலாளரைப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது நீங்க ஒருத்தர்தான் சார். யார்கிட்ட புகார் கொடுக்கணும்?"

செயலாளர் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார், உடனே அதுவும் சத்தம்தான் என்று நினைத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கூடம் மதியம் உங்களுக்குத்தாம்மா" என்று கடிகாரக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இனி நான் எட்டிப் பார்க்கல."

"அக்கா, லீவு நாள்ல எனக்கும் ஒரு பெட்டி வைங்க" என்றாள் நர்ஸ்.

"வைக்கிறேன். இப்ப நீ போய்ப் படு தாயி. ராத்திரி உன்னை நம்பி ஆளு படுத்திருக்கு."

கதவு மூடியது. வகுப்பு இறங்கியது. படியில் யாரும் பேசவில்லை. வாசல் கேட்டைத் திறந்தபோது அது கிரீச்சிடாமல் இருக்க, தையற்காரி அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடந்தார்கள். கடைகளைத் தாண்டினார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்ததும், கடிகாரக்கா திரும்பிக் குடியிருப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை அளந்து பார்த்தாள். போதும் என்று தலையசைத்தாள். அப்புறம் அத்தனை பேரும் சேர்ந்து போட்ட கூச்சலில், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.